மைனஸ் இன்ட்டு மைனஸ்... ஏன் சார்?

"தாத்தா, மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் ப்ளஸ் வருது?"

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இரண்டாவது டோஸ் காபி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு மனிதனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? கேட்டவன் என் அக்கா பேரன். ஏழாம் வகுப்பு. (முதலில் ஒரு தன்னிலை விளக்கம்: எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. அக்காவுக்குச் சீக்கிரம் கல்யாணம். அவள் பெண்ணுக்கு அதைவிடச் சீக்கிரம். நடுவில் மாட்டிக்கொண்டு நான் தாத்தா ஆனவன்!)

மயிலாப்பூர் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் உட்கார்ந்து கோடிக்கணக்கில் கூட்டிக் கழிக்கிறவன் நான். எல்லாம் கம்பெனிக் கோடி. எனவே இந்தக் குடும்பத்தில் கணக்கு என்றால் என்னிடம்தான் அனுப்புவார்கள். பயல் நோட்டைப் பிரித்துக்கொண்டு நிற்கிறான். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது ரூல்டா."

"ரூல் தெரியும் தாத்தா. ஏன்?"

"ஏன்னா? அப்படித்தான். போய் மனப்பாடம் பண்ணு."

பையன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடினான். திரும்பிப் போகும்போது, எனக்குக் கேட்க வேண்டும் என்றுகூட இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: "எனக்குக் கணக்கு வராது."

காபி சட்டென்று கசந்தது. அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பழக்கம். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே கேள்விக்கு இதே பதிலைக் கேட்டுவிட்டு, இதே வாக்கியத்தைச் சொன்ன இன்னொரு பையனை எனக்குத் தெரியும். அவன்தான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான்.

★

எந்தப் பள்ளிக்கூடம், எந்த வாத்தியார் என்பதெல்லாம் வேண்டாம். அவர் நல்ல மனிதர். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ். ஒன்று எழுதுவதற்கு, இன்னொன்று எறிவதற்கு. குறி தப்பாது. கடைசி பெஞ்ச்சில் யார் கொட்டாவி விட்டாலும் வாய்க்குள்ளேயே வந்து விழும் என்று எங்கள் வகுப்பில் ஒரு நம்பிக்கை.

நான் கைதூக்கி எழுந்து, "சார், மைனஸ் இன்ட்டு மைனஸ் ஏன் சார் ப்ளஸ்?" என்றேன்.

வகுப்பு அமைதியானது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கப்பா பேரு ஏன் உங்கப்பா பேரு?"

"..."

"அதே மாதிரிதான். உக்காரு."

அறுபது பையன்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதுதான் கொடுமை. நல்ல ஜோக். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்தவன் கணக்கு வகுப்பில் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அரைப்பரீட்சையில் நூற்றுக்கு இருபத்தேழு. அப்பா பிராக்ரஸ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கையெழுத்துப் போட்டார். திட்டவில்லை. "உனக்குக் கணக்கு வராது போலிருக்கு, விடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் நிம்மதியாக அதைப் பிடித்துக்கொண்டேன். ப்ளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப், காலேஜில் கணக்கு இல்லாத டிகிரி என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ரூல் புரியாததால் பாதி உலகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

அவரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு பீரியட் நாற்பது நிமிஷம். அறுபது பையன்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு நாற்பது விநாடி. அதற்குள் அட்டென்டன்ஸ், ஹோம்வொர்க், பாடம், சாக்பீஸ் எறிதல் எல்லாம் நடந்தாக வேண்டும். "ஏன்" என்ற கேள்விக்கு நேரம் எங்கே? அவர் பையனாக இருந்தபோது அவரையும் யாரோ "உக்காரு" என்றிருப்பார்கள். இதுவும் ஒரு வகை வாய்ப்பாடுதான். தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கிறோம்.

★

"டேய், குழந்தை முகமே சரியில்லை. என்ன சொன்னே?" என்று அக்கா சமையலறையிலிருந்து அதட்டினாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். யோசிக்க அல்ல, அக்காவிடமிருந்து தப்பிக்க.

மாடியில் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் குழாய் மூன்று மாசமாக ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஆள் வரான் சார்" என்பார். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து வளர்ந்த ஊர்க்காரனுக்குச் சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீரைப் பார்ப்பது பர்ஸிலிருந்து சில்லறை விழுவதைப் பார்ப்பது போல. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் பொறி தட்டியது. பையனைக் கூப்பிட்டேன்.

"இந்தத் தொட்டியிலேர்ந்து மணிக்கு ரெண்டு லிட்டர் ஒழுகறதுன்னு வெச்சுக்கோ. போறதுனால அது மைனஸ் ரெண்டு. சரியா?"

"சரி."

"இன்னும் மூணு மணி நேரம் கழிச்சு?"

"ஆறு லிட்டர் குறைஞ்சிருக்கும். மூணு இன்ட்டு மைனஸ் ரெண்டு, மைனஸ் ஆறு."

"ஆச்சா. மூணு மணி நேரத்துக்கு முன்னால? இனிமே வரப்போற நேரம் ப்ளஸ்னா, போன நேரம் மைனஸ். அப்போ மைனஸ் மூணு மணி நேரம். இதே குழாய், இதே ஒழுகல்."

பையன் தொட்டியைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"அப்போ... இப்ப இருக்கறதைவிட ஆறு லிட்டர் ஜாஸ்தி இருந்திருக்கும்!" என்றவன் நிறுத்தினான். கண் அகலமாகியது. "மைனஸ் மூணு இன்ட்டு மைனஸ் ரெண்டு... ப்ளஸ் ஆறு! தாத்தா, இது ரூல் இல்லை, இது நிஜம்!"

அடடா. நாற்பத்து மூன்று வருஷம் லேட்டாக எனக்கும் அன்றைக்குத்தான் நிஜமாகப் புரிந்தது. அதுவரை நானும் ரூல்தான். வீட்டுக்காரர் குழாயை உடனே சரிசெய்திருந்தால் இந்த ஞானோதயம் கிடைத்திருக்காது. வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தொட்டி இல்லாத ஆபீஸ் நண்பர்களுக்கு: சம்பளத்தில் மாசம் இரண்டாயிரம் ரூபாய் கடன் பிடித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மைனஸ் 2,000. பிடித்தத்தை ஆபீஸே தவறு என்று ஒப்புக்கொண்டு, மூன்று மாசப் பிடித்தத்தை ரத்து செய்கிறது. எடுப்பதை எடுத்துவிட்டார்கள், மூன்று தடவை. உங்கள் கைக்கு என்ன வரும்? முழுசாக 6,000. மைனஸை மைனஸ் செய்தால் ப்ளஸ்! இதில் நம்ப முடியாத ஒரே அம்சம், ஆபீஸ் தவறை ஒப்புக்கொள்வதுதான்.

தொட்டியும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம் என்பவர்கள் இதைப் பார்க்கலாம்:

2 × (-3) = -6
1 × (-3) = -3
0 × (-3) = 0
(-1) × (-3) = ?

வலது பக்கம் ஒவ்வொரு படிக்கும் மூன்று கூடிக்கொண்டே வருகிறது. மைனஸ் ஆறு, மைனஸ் மூன்று, பூஜ்யம்... அடுத்தது? படிக்கட்டு திடீரென்று திரும்பிக் கீழே இறங்கக் காரணமில்லை. ப்ளஸ் மூன்றுதான். இதைக் கரும்பலகையில் எழுத ஒரு நிமிஷம் போதும். எறியாமல் இருந்தால், ஒரே சாக்பீஸ் போதும்.

★

அன்று சாயங்காலம் பையனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. ஊர் சுற்றிக் காட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

முதல் நிறுத்தம் மயிலாப்பூரிலேயே. நம் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு 'ஏகாம்ர நிவாஸ்' இந்தப் பேட்டையில்தான். அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் ஐம்பதுகளின் கடைசியில் அந்த வீட்டிலேயே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பௌதிகமும் கணிதமும் பேச ஆரம்பித்தார். பரீட்சை இல்லை, மார்க் இல்லை. கேள்வி கேட்பதுதான் வேலை. 1960-ல் அணு விஞ்ஞானி நீல்ஸ் போர் சென்னைக்கு வந்தபோது இந்த மாணவர் குழுவைப் பார்த்து வியந்து பேசினார். செய்தி டெல்லி வரை போயிற்று. விளைவு, 1962 ஜனவரி 3-ல் 'மாட்சயன்ஸ்' என்ற கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. அடையாறு தாண்டித் தரமணியில் இன்றும் இருக்கிறது. ஒரு வீட்டுக் கூடத்தில் யாரும் யாரையும் "உக்காரு" என்று அதட்டாததால் முளைத்த நிறுவனம்.

அடுத்து தி.நகர், ஜி.என். செட்டி ரோடு. இந்த ரோட்டில் நான் பத்து வருஷம் ஆபீஸ் போயிருக்கிறேன். வாணி மகாலில் எத்தனையோ நாடகம் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். அதே ரோட்டில், அதே வருஷங்களில், உலகத்தரமான கணித வகுப்பு நடந்துகொண்டிருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது!

சி.எஸ். சேஷாத்ரி என்று ஒருவர். 1932-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வாத்தியார் ஃபாதர் ராசின். பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார். 1937-ல் இந்தியா வந்து, கணிதத்தில் அப்போது பாரிஸில் என்ன நடக்கிறதோ அதைச் சென்னையில் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். சிலபஸுக்கு வெளியேயும் கணக்கு உண்டு என்று காட்டி, நல்ல மாணவர்களைப் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொல்லித் தூண்டியவர். அப்படிப் போனவர்களில் சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து 1965-ல் வெளியிட்ட ஒரு தேற்றம் அவர்கள் பெயரிலேயே உலகம் பூராவும் வழங்குகிறது.

சேஷாத்ரி பிற்பாடு சென்னைக்குத் திரும்பி வந்தார். 1989-ல் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தின் ஆதரவில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அது இருந்த இடம்தான் ஜி.என். செட்டி ரோடு. அவருக்கு ஒரு மனக்குறை. நம் நாட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு கட்டடத்தில் இருக்கிறார்கள், பாடம் நடத்துகிறவர்கள் வேறு கட்டடத்தில். கணக்கைக் கண்டுபிடிக்கிறவனே பதினெட்டு வயசுப் பையனுக்கும் பெண்ணுக்கும் பாடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். 1998-ல் பி.எஸ்ஸி. வகுப்பே ஆரம்பித்துவிட்டார். பட்டம் கொடுக்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமே? மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கைகொடுத்தது. தி.நகரில் படிப்பு, போபாலிலிருந்து பட்டம்! இன்று அதுதான் 'சென்னை கணிதவியல் கழகம்'. 2005-ல் சிறுசேரிக்குக் குடிபோய்விட்டது. சேஷாத்ரி கர்நாடக சங்கீதமும் நன்றாகப் பாடுவார். 2020-ல் காலமானார்.

"தாத்தா, நீ இங்கேதானே ஆபீஸ் போனே? அவரைப் பார்த்திருக்கியா?" என்றான் பையன்.

"பக்கத்தில் நடந்துகூடப் போயிருப்பேன். எனக்குக் கணக்கு வராதே, அதனால தெரியலை" என்றேன்.

பையன் சிரிக்கவில்லை.

★

ஆனால் நான் உண்மையில் அவனுக்குச் சொல்ல நினைத்த ஆள் பெரிய நிறுவனங்களைச் சேர்ந்தவர் அல்ல. ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பி.கே. ஸ்ரீனிவாசன். 1924-ல் பிறந்தவர். ஜார்ஜ் டவுன் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். இவர் என்ன செய்தார் தெரியுமா? கணிதமேதை ராமானுஜனைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்களே என்று கவலைப்பட்டு, உறவினர், நண்பர் வீடுகளாக ஏறி இறங்கி, கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டினார். 1968-ல் அவை இரண்டு தொகுதிகளாக வந்தன. வெளியிட்டது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி! இன்றைக்கும் ராமானுஜனைப் பற்றி உலகத்தில் யார் எழுதினாலும் அந்தத் தொகுதிகளைத் தொடாமல் போக முடியாது. பிறகு 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஒரு மியூசியம் உருவாகவும் காரணமாக இருந்தார்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அவர் வகுப்பறைக் கொள்கை. கணக்குக் கற்றுக்கொடுக்க விலையுயர்ந்த சாமான் வேண்டாம், கையில் கிடைப்பதே போதும் என்பார். மடிக்க ஒரு காகிதம், மாட்ட ஒரு காலண்டர். காலண்டரை வைத்துக்கொண்டு எண்களோடு விளையாடுவது பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 2005-ல் மறைந்தார்.

காலண்டரா? வீட்டுக்கு வந்ததும் மாட்டியிருந்ததைக் கழற்றினேன். (தினம் கிழிக்கிற காலண்டர் உதவாது. மாசம் முழுவதும் ஒரே தாளில் இருக்கிற காலண்டர் வேண்டும். மளிகைக் கடையில் கொடுப்பார்கள். ஆபீஸ் சுவரிலும் இருக்கும். மேனேஜர் பார்க்காதபோது செய்து பாருங்கள்.)

ஏதாவது நான்கு தேதிகளைச் சுற்றி ஒரு சதுரம் போடுங்கள். உதாரணமாக மேலே 9, 10. கீழே 16, 17. குறுக்கே கூட்டுங்கள்: 9-ம் 17-ம் 26. 10-ம் 16-ம் அதே 26. சரி, குறுக்கே பெருக்குங்கள். 9 × 17 = 153. 10 × 16 = 160. வித்தியாசம் 7. வேறு சதுரம் போட்டாலும் 7. வேறு மாசமானாலும் 7. வாரத்துக்கு ஏழு நாள் இருக்கும் வரை 7!

அடுத்தது, ஒன்பது தேதிகள். மூன்று வரிசை, மூன்று பத்தி. உதாரணத்துக்கு 8, 9, 10. அதன் கீழ் 15, 16, 17. அதன் கீழ் 22, 23, 24. "ஒன்பதையும் கூட்டு" என்றேன். பையன் விரலை மடக்க ஆரம்பித்தான். நான் ஒரு விநாடியில் "நூற்று நாற்பத்து நாலு" என்றேன். பையன் கூட்டி முடித்து, என்னை மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து என்னை அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"எப்படி தாத்தா?"

"நடு நம்பர் பதினாறு. பதினாறை ஒன்பதால பெருக்கினேன், அவ்வளவுதான்."

நான் அதோடு நிறுத்தியிருந்தால் மந்திரவாதியாகவே இருந்திருக்கலாம். ஆனால் பயல் இப்போது விடுவதாக இல்லை. "ஏன்?" என்றான். நானும் "அப்படித்தான்" என்று சொல்வதாக இல்லை.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். நடுவில் 16. அதற்கு இடது பக்கம் ஒன்று குறைவு, வலது பக்கம் ஒன்று அதிகம். மேலே ஏழு குறைவு, கீழே ஏழு அதிகம். ஒரு மூலையில் எட்டுக் குறைவு, எதிர் மூலையில் எட்டு அதிகம். இன்னொரு மூலையில் ஆறு குறைவு, அதன் எதிரில் ஆறு அதிகம். "ஒவ்வொரு மைனஸுக்கும் எதிரே ஒரு ப்ளஸ்! எல்லாம் கேன்சல்! அப்போ ஒன்பது பதினாறுதான் மிச்சம்!" என்று கத்தினான். காலையில் அவனை அழவைக்க இருந்த அதே மைனஸ்.

★

உடனே நான் மனப்பாடத்துக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். வாய்ப்பாடு தெரியாதவன் காலண்டர் மந்திரமும் செய்ய முடியாது. பதினாறு ஒன்பது நூற்று நாற்பத்து நாலு என்று வாயில் வர வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைப் பையன்கள் உரக்க ஒப்பித்தார்கள். கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களையே தாளம் தட்டிப் படித்தார்கள். ஆனால் அது வெறும் ஒப்பித்தல் அல்ல. நெல் அளப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் வட்டி போடுவதற்கும் நேராகப் போகும் கணக்கு அது.

எங்கள் பாட்டி பேச்சோடு பேச்சாக, "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்பாள். 'கிட்டத்தட்ட முழுசும்' என்று அர்த்தம் என்றுதான் நினைத்திருந்தேன். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. முக்கால் என்றால் பதினாறில் பன்னிரண்டு. அதோடு மூன்று வீசம் சேர்த்தால் பதினாறில் பதினைந்து. அந்தக் கால ரூபாய்க்குப் பதினைந்து அணா! பாட்டி பள்ளிக்கூடமே போகாதவள். பின்னத்தைக் கூட்டிக்கொண்டே குழம்பைக் கிளறியிருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போய் அதே பின்னத்தைப் பார்த்துப் பயந்தேன்.

★

ராமானுஜன் கதைக்கு வராமல் இந்தக் கட்டுரையை முடித்தால் ஆசிரியர் விடமாட்டார். அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது தவறாமல் வரும் ஒரு கதை. ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று வாத்தியார் நடத்துகிறார். மூன்று பழம், மூன்று பேர், ஆளுக்கு ஒன்று. சிறுவன் ராமானுஜன் எழுந்து, "பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றா?" என்று கேட்டானாம். பழமும் இல்லை, ஆளும் இல்லை. ஆளுக்கு ஒன்றா?

யோசித்தால் எவ்வளவு பொல்லாத கேள்வி! 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4. ஏனென்றால் நாலு மூணு பன்னிரண்டு. அப்படியானால் பூஜ்யத்தோடு எதைப் பெருக்கினால் பூஜ்யம் வரும்? ஒன்றும் சரி, ஐந்தும் சரி, லட்சமும் சரி. எல்லாமே விடை என்றால் எதுவுமே விடை இல்லை. அந்தப் பையனும் "உக்காரு" கேட்டிருந்தால்?

கேட்கத்தான் செய்தார், வேறு விதமாக. கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் கல்லூரிப் பரீட்சையில் தோற்று, கடைசியில் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் முப்பது ரூபாய். நம்மைப் போல அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்! ஆனால் நமக்கு வாய்க்காத ஒன்று அவருக்கு வாய்த்தது. அவர் மேலதிகாரி நாராயண ஐயர் ஒரு கணிதக்காரர். ராத்திரியில் இரண்டு பேரும் சிலேட்டில் கணக்குப் போடுவார்களாம். ராமானுஜன் தாவித் தாவிப் போவார். மேலதிகாரி கொஞ்சமும் கூச்சமில்லாமல், எனக்குப் புரியவில்லை, நடுவில் உள்ள படிகளையும் எழுது என்பாராம். தன் கீழ் வேலை பார்க்கும் முப்பது ரூபாய் குமாஸ்தாவிடம்! 1913 ஜனவரியில் அந்தக் குமாஸ்தா கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். மிச்சத்தை உலகம் அறியும்.

எனக்கு அந்தக் கதையில் ஹீரோ நாராயண ஐயரும்தான். 'புரியவில்லை' என்று சொல்லத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால், 'ஏன்' என்று கேட்கச் சின்னவனுக்குத் தைரியம் வருகிறது.

★

போன வாரம் பையனுக்குக் கணக்குப் பரீட்சை பேப்பர் கொடுத்தார்கள். நூற்றுக்கு நூறு என்று எழுத எனக்கும் ஆசைதான். அறுபத்தொன்று. அதற்கு முந்தைய பரீட்சையில் முப்பத்தெட்டு. தொட்டிக் கதையை வகுப்பில் சொன்னானாம். அவன் கணக்கு மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை எல்லாருக்கும் சொல்லு" என்று அவனைப் போர்டுக்கு முன்னால் நிறுத்தினார்களாம். அந்த மிஸ்ஸுக்கு என் வணக்கம். நாற்பது நிமிஷத்தில் ஐந்து நிமிஷத்தை ஒரே பையனுக்குக் கொடுக்க ரொம்பப் பெரிய மனசு வேண்டும்.

நேற்று ராத்திரி, விளக்கை அணைக்கும் நேரம். கதவோரம் வந்து நின்றான்.

"தாத்தா, ரெண்டு பகா எண். மூணு பகா எண். ஒண்ணை மட்டும் ஏன் அந்த லிஸ்ட்ல சேர்க்கலை?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது, 'அப்படித்தான்'. முழுங்கினேன்.

"தெரியலைடா" என்றேன்.

வாழ்க்கையில் கணக்கைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை. பையன் முகம் சுருங்கவில்லை. மாறாக, ஓடிப்போய் நோட்டையும் பென்சிலையும் எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"அப்போ வா, ரெண்டு பேரும் பார்க்கலாம்."

மணி பதினொன்றரை. காலையில் ஆபீஸ். அக்கா உள்ளேயிருந்து, "இன்னும் தூங்கலையா ரெண்டு பேரும்?" என்று சத்தம் போடுகிறாள்.

ஏன் என்று எங்கள் வீட்டில் ஆரம்பித்துவிட்டால், அப்படித்தான்!